அவருக்கு நான் வைத்த பேர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இன்றைக்கு எனக்கென்று ஒரு ஷெட் இருக்கிறது. ஒன்பது மெஷின் ஓடுகிறது, அதில் நாலு கம்ப்யூட்டர் மெஷின். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். கடைந்து வந்த பீஸை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், சைஸ் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். நம்பாதவன் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பான். நான் சொன்னதுதான் இருக்கும்.

மேனாம்பேட்டுக் காலனியில் கூலி வேலை செய்தவருக்கு ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்து, யார் தயவும் இல்லாமல் இந்த இடத்துக்கு வந்தவன் நான் என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் சொல்லுவேன். என் மனைவியின் தம்பி, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன், பக்கத்தில் இருந்தால் சும்மா இருக்க மாட்டான். "மாமா கதைய ஆரம்பிச்சிட்டாரு, பந்தி முடிஞ்சி எலய எட்த்துட்டு வாங்க, அப்பவும் லேத்துகிட்டதான் நின்னுகினு இருப்பாரு" என்பான்.

யார் தயவும் இல்லாமல் என்று நான் சொன்னது பொய். ஒருவருடைய தயவு இருந்தது. அவரை மட்டும் நான் அந்தப் பேச்சில் எப்போதும் விட்டுவிடுவேன். போன மாதம் அவர் தவறிப்போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த அரசியல்வாதி. ஒரு தடவை ஜெயித்தார், மூன்று தடவை தோற்றார். கோயில், குடும்பம், கட்டுப்பாடு என்று பேசுகிற கட்சி. நெற்றியில் திருநீறு கலைந்து நான் பார்த்ததில்லை. சுத்த சைவம். அரசாங்கம் எதையாவது இலவசமாகக் கொடுத்தால், கொடுத்தவனையும் திட்டுவார், வாங்கினவனையும் திட்டுவார். வீட்டைக் கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொள்கிற பிள்ளைகளைத் திட்டுவார். முடி வெட்டாமல் திரிகிற பையனைக் கூப்பிட்டு நிறுத்தித் திட்டுவார். அவர் பேசினதில் பாதி எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. காலனியில் அவர் கொடி கட்டின வண்டி வந்தால் பிள்ளைகள்கூடப் பின்னால் ஓடாது.

நான் அவரிடம் போனதே வேறு வழி இல்லாமல்தான். ஆறு வருஷம் இன்னொருவர் ஷெட்டில் இரும்பு கடைகிற லேத் ஓட்டிவிட்டு, ஒரு பழைய லேத்தை வாங்கி வாடகை இடத்தில் போட்டிருந்தேன். மெஷின் இருந்தது, வேலை இல்லை. ஜாப் ஒர்க் என்றால் இரும்பைக் கம்பெனிக்காரன் கொடுப்பான், நாம் கடைந்து கொடுக்க வேண்டும். அவன் நம்மை நம்பித் தன் இரும்பை நம் இடத்தில் இறக்க வேண்டும். எங்களுக்குக் கிடைக்காதது அந்த நம்பிக்கைதான். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் "எந்த ஏரியா?" என்று கேட்பார்கள். மேனாம்பேடு என்று சொல்லுவேன். "மேனாம்பேட்டுல எங்க?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடும். போதாததற்கு நாங்கள் கிறிஸ்தவர்கள். பேரைச் சொன்னதுமே ஒரு பார்வை பார்ப்பார்கள்.

மச்சான்தான் சொன்னான். "மாமா, அந்தப் பட்ட போட்டவராண்ட போயி ஒரு லெட்டர் கேளு. கட்ச்சி எதுவா இருந்தா இன்னா, லெட்டர் லெட்டர்தானே."

போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சிபாரிசு லெட்டரெல்லாம் நான் குடுக்கறதில்ல" என்றார் எடுத்த எடுப்பில். "உனக்கு என்ன வேலை தெரியும்?"

"லேத்து ஓட்டுவேங்கய்யா."

"நல்லா ஓட்டுவியா?"

"எஸ்டேட்டுல என்னிய மாரி ஓட்றவன் இன்னொருத்தன் கெடையாதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியா? சரி, நீ கடைஞ்ச பொருள் ஒண்ணை நாளைக்குக் காலையில கொண்டா. பாப்போம்."

புஷ் என்கிற மரை போட்ட சின்ன இரும்பு வளையம் ஒன்றை எண்ணெய் போட்டுத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கைக்குட்டையைப் பிரித்து, புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் ஊறிப் பரவியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. காரில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கம்பெனிக்குப் போனார். மேனேஜர் எழுந்து நின்றார். ஐயா உட்காராமலே அந்தப் புஷ்ஷை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதை அளந்து பாருங்க. சரியா இருந்தா இவனுக்கு ஆர்டர் குடுங்க. தப்பா இருந்தா குடுக்க வேண்டாம். கடைஞ்சவன் எந்தத் தெரு, எந்தச் சாமி கும்பிடறான்னு அளக்கறதுக்கு உங்ககிட்ட கருவி எதுவும் இல்லையே?"

"அதுக்கில்ல சார், மெட்டீரியல் நம்ம பொறுப்பு..." என்று இழுத்தார் மேனேஜர்.

"ஒரு கிலோ குறைஞ்சாலும் என் வீட்டு வாசல்ல வந்து நில்லுங்க."

அளந்தார்கள். சரியாக இருந்தது. என் வேலை தப்பாக இருக்குமா? அந்த வாரமே என் இடத்தில் முதல் லோடு இரும்பு இறங்கியது. கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது ஐயா கார்க் கதவைத் திறந்து, "ஏறு முதலாளி" என்றார். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு லேத், ஒரு சைக்கிள். வேலைக்கு ஆள்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் என்னை வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

எனக்கு மட்டும் செய்தார் என்று நினைக்க வேண்டாம். இரும்பைச் சூடு பண்ணிக் கடினமாக்குகிற பட்டறை ஒன்றைச் சேக்காட்டில் ஒரு பாய் நடத்துகிறார், அவருக்கும் முதல் ஆர்டர் இப்படித்தான். காலனியிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். அவர் கட்சிக்காரர்களுக்கே இது பிடிக்கவில்லை. "நமக்கு ஓட்டுப் போடாதவனுக்கெல்லாம் எதுக்குங்க?" என்று என் எதிரிலேயே ஒருவர் கேட்டார். "பிச்சை போடறதுன்னா யாருக்கு ஓட்டுன்னு பாக்கலாம். இது தொழில். கைத்தொழில் தெரிஞ்சவன் சும்மா உக்காந்திருந்தா அது ஊருக்கே தரித்திரம்" என்று சொல்லி அந்த ஆளின் வாயை அடைத்துவிட்டார்.

ஆயுத பூஜை அன்றைக்கு எங்கள் எல்லோருடைய ஷெட்டுக்கும் வருவார். காலையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மத்தியானத்துக்கு என்னிடம் வந்து சேருவார். என் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசி இந்துக்கள். அவர்கள் மெஷினைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்பார்கள். நான் தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் என் மனைவி மெஷின்களுக்கு நடுவில் நின்று ஜெபம் பண்ணுவாள். ஐயா இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஜெபம் முடிந்ததும் "ஆமென்" என்று எங்களோடு சேர்ந்து சொல்லுவார். ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஷெட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. முதல் வருஷம் அவர் வருகிறார் என்று தெரிந்ததும் என் மனைவி பிரியாணி ஒரு பக்கம் வேகும்போதே, அவருக்கென்று புதுப் பாத்திரம் வாங்கிச் சாம்பாரும் பாயசமும் செய்துவைத்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ இன்னா லூசா? அவரு நம்மாண்ட கைய நனைப்பாரா? எல்லார் முன்னாடியும் வேணான்னுட்டா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

"கேட்டுப் பாத்தா இன்னாவாம்?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? நமக்குத் தெரியாதா?"

எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம். எங்கள் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருந்து யார் வந்தாலும், அதிகாரியோ வாத்தியாரோ, சாப்பிடக் கூப்பிட மாட்டோம். இளநீர் வெட்டிக் கொடுப்போம், தோல் உரிக்காத வாழைப்பழம் கொடுப்போம், மூடி திறக்காத கலர் பாட்டிலைக் கொடுத்து எதிரிலேயே திறப்போம். எங்கள் கை படாத பொருள். வேண்டாம் என்ற வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வந்து அது நம் காதில் விழக் கூடாது. அதற்காக நாமே முந்திக்கொள்கிற வேலை. என் அப்பா அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். மரியாதை என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம்.

ஐயா இளநீரை வாங்கி நின்றபடியே குடித்தார். அண்டா இருந்த பக்கம் பார்த்து, "வாசனை தூக்குது முதலாளி" என்றார்.

"அது உங்களுக்கு ஆவாதுங்கய்யா" என்று நான் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் நின்றார். மெஷினைச் சுற்றி வந்தார், ஆட்களிடம் ஊர் விசாரித்தார். இலை போட ஆரம்பித்ததும் "சரி, நான் கிளம்பறேன், நீங்க சாப்பிடுங்க" என்று போய்விட்டார். பார்த்தாயா, இலையைக் கண்டதும் ஓடுகிறார் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் சாம்பாரை ஆட்களுக்கு ஊற்றினாள். அடுத்த வருஷம் அவள் செய்யவில்லை. அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது. பன்னிரண்டு வருஷமும் இளநீர்.

எனக்கு வசதி கூடக் கூட, இந்த விஷயம் உள்ளே உறுத்த ஆரம்பித்தது. ஒரு லேத் இருந்தபோது அது பெரிதாகத் தெரியவில்லை. ஆறு மெஷின் வந்த பிறகு தெரிந்தது. என் ஷெட்டுக்கு ஜப்பான்காரன்கூட வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். இவர் மட்டும் நின்றபடி இளநீர் குடித்துவிட்டுப் போகிறார் என்று எரியும்.

அவர் கடைசியாகத் தேர்தலில் நின்றபோது என் வீட்டுக்கு வந்தார். "காலனியில ரெண்டு தெரு என்கூட நடந்து வர்றியா முதலாளி? நீ வந்தா நாலு பேர் நின்னு கேப்பாங்க" என்றார். என்னிடம் அவர் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். "டெலிவரி கீதுங்கய்யா, ஒரு நாளு தள்ளிப் போனா கம்பெனில ஒத்துக்க மாட்டான்" என்றேன். டெலிவரி எதுவும் இல்லை. "சரிப்பா, தொழில் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் நானும் மச்சானும் நின்றிருந்தோம். எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பெஞ்சில் இருந்தார்கள். மச்சான் என்னை வம்புக்கு இழுத்தான்.

"இன்னா மாமா, ஒன்னோட ஐயா வந்தாராமே? மால போட்டு ஊர்கோலம் போவலியா?"

"நான் ஏன்டா போறேன்?"

"ஆர்டர் வாங்கிக் குட்த்தவராச்சே."

அப்போது என் வாயிலிருந்து வந்தது. கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் வழக்கமான குரலில் சொன்னேன். "ஆர்டர் வாங்கிக் குட்ப்பாரு. ஒரு வாயி சோறு துன்ன மாட்டாரு. பன்னெண்டு வருசமா என் ஷெட்டுல எளநிதான் குடிச்சிகினு கீறாரு. அவரு எளநி ஐயாடா!"

கடையே சிரித்தது. டீ மாஸ்டர் சிரித்ததில் பால் பொங்கி வழிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வார்த்தையில் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைப்பது என்றால் எனக்கு அப்போதும் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும்.

மறுநாள் காலையில் மைக் கட்டின ஆட்டோ ஒன்று காலனிக்குள் வந்தது. "உங்க ஊட்டாண்ட வந்து எளநி குடிப்பாரு! உங்க ஊட்டு சோறு துன்ன மாட்டாரு! எளநி ஐயாவுக்கா உங்க ஓட்டு? யோசிச்சிப் பாருங்க தாய்மார்களே!" அந்த ஆட்டோ ஒவ்வொரு தெருவிலும் நின்று நின்று போனது. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டன. ஐயாவின் கார் வந்தபோது அதன் பின்னால் முதல் தடவையாகப் பிள்ளைகள் ஓடின. எளநி ஐயா, எளநி ஐயா என்று கத்திக்கொண்டு ஓடின. நான் ஷெட்டுக்குப் போகிற வழியில் நின்று அதைப் பார்த்தேன். கார் கண்ணாடி இறங்கியிருந்தது. அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு கைகூப்பியபடி போனார்.

தோற்றுவிட்டார். எங்கள் காலனிப் பெட்டிகளில்தான் நன்றாக அடி வாங்கினார் என்றார்கள். அதோடு கட்சியும் அவரை ஓரம் கட்டிவிட்டது. 'அவங்களுக்கு இவ்வளவு செஞ்சீங்களே, என்ன கிடைச்சுது?' என்று கட்சிக்காரர்கள் கேட்டார்களாம். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஜெபத்துக்கு நின்றார், ஆமென் சொன்னார். எனக்குத்தான் இளநீரை நீட்ட மனம் வரவில்லை. கை கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "என்ன முதலாளி, இந்த வருஷம் எளநிகூட இல்லையா?" என்றார். குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு வருஷம் வந்தார். பிறகு முட்டி வலி வந்து நடமாட்டம் நின்றுபோனது. அம்பத்தூரில் அவர் வீடு என் ஷெட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். எட்டு வருஷம் நான் போகவில்லை.

எங்கள் பட்டறைக்காரர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில்தான் சேதி வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடுகிற கை. மாலையை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் திருநீறோடு படுத்திருந்தார். கூட்டம் அதிகமில்லை. கட்சிக்காரர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். சேக்காட்டுப் பாய் மட்டும் காலையிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். கூடத்தில் அவர் மனைவி பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நான் கீழே உட்கார்ந்து, மேனாம்பேட்டுக்காரன், லேத் பட்டறை வைத்திருப்பவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "கடைசியா வர்ற ஷெட்டுதானே? பிரியாணி வாசனை ஆளைத் தூக்கும்னு சொல்வாரே, அந்த ஷெட்டா?"

"ஆமாங்கம்மா."

"ஆயுத பூஜை அன்னிக்கு அவருக்கு டிபன் பண்றதே இல்ல நான். பண்ணாலும் தொட மாட்டார். 'இன்னிக்கு எவனாவது சாப்பிடச் சொல்லுவான், வயித்துல எடம் வேணும்' னுட்டுப் பட்டினியாவே கிளம்புவார். மூணு மணிக்கு வந்து தயிர் சாதம் போடுன்னு நிப்பார். என்னாச்சுன்னு கேட்டா, 'இந்த வருஷமும் எளநிதான்டி' ம்பார்."

"நாங்க... ஐயா சைவம்... எங்களாண்டல்லாம் சாப்ட மாட்டாருன்னு..."

"சைவம்தான். அதுக்கென்ன? ரசம் சாதம் போட்டாப் போறாதா? நான்கூடச் சொல்லுவேன், வாய் விட்டுக் கேக்க வேண்டியதுதானேன்னு. 'நான் கேட்டா அவங்க பதறிட்டுப் போடுவாங்க. அது அதிகாரம் பண்ணி வாங்கற சோறு. அவங்களா கூப்பிடணும்' னு சொல்லுவார். இலை போட ஆரம்பிச்சாங்கன்னா, தான் நின்னா அவங்க சாப்பிடக் கூச்சப்படறாங்கன்னு கிளம்பிடுவாராம். அந்த மனுஷருக்குப் போய் எவனோ அப்படி ஒரு பேரை வச்சான். எதிர்க்கட்சிக்காரனுக்கு நல்ல வாய்ன்னு சொல்லிட்டுப் பேசாம படுத்துட்டார் அன்னிக்கு."

நான் சொல்லியிருக்க வேண்டும். அங்கே வேறு யாரும் இல்லை. வாய் வரவில்லை. எத்தனை மேடையில் பேசின வாய். எழுந்தேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது.

"பசியோடயா போனாரு? அத்தினி வருசமுமா?"

"ஆமா."

"நான் கேட்டுப் பாக்கலாம்னேன்."

"சொன்ன."

"அந்தப் பேரு நீதான் வெச்சன்னு அந்த அம்மாவாண்ட சொன்னியா?"

"சொல்லல."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "ஊரு முன்னாடி சிரிச்சிகினு சொன்னல்ல? அதே மாரி ஊரு முன்னாடி சொல்லிட்டு வா. அப்புறமா எங்கூடப் பேசு" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்துக் கட்டட வாசலில் பந்தல் போட்டு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசுகிறவர்கள் பட்டியலில் என் பேர் நாலாவது. நான் நன்றாகப் பேசுவேன் என்று போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அம்மா இருந்தார், பாய் இருந்தார். பின்னால் காலனிப் பட்டறைக்காரர்கள். எனக்கு முன்னால் பேசின மூன்று பேரும் மாமனிதர், மாபெரும் இழப்பு என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு அவர் என்ன செய்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் அந்தப் புஷ்ஷிலிருந்து ஆரம்பித்தேன். சட்டைப் பையில் ஊறின எண்ணெய், மேனேஜர் மேஜை, முதல் லோடு இரும்பு எல்லாம் சொன்னேன். இதுவரைக்கும் யார் தயவும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று சொன்னேன். கூட்டம் கை தட்டியது. கை தட்டினதும் எனக்கு அங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினால் நல்ல பேரோடு போய்விடலாம். அந்த நினைப்பும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "தேர்தல் அப்ப ஐயாவுக்கு ஒரு பேரு வெச்சாங்களேம்மா, அது எதிர்க்கட்சிக்காரன் வெச்ச பேரு இல்ல. நான் வெச்சது. டீக்கடையில நின்னுகினு நான்தான் சொன்னேன். அவங்க எடுத்துக்கினாங்க. அவரு நம்ம ஊட்ல சாப்ட மாட்டாருன்னு நானே முடிவு கட்டிக்கினேன். ஒரு நாளு ஒரு வார்த்த கேக்கல. கேக்காமலே கோச்சிக்கினேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், கொட்டகையில் டிரில்லிங் மெஷின் போட்டுத் தொழில் செய்கிற என் வயசுக்காரர், எழுந்து, "அண்ணாத்தே, நாங்களும்தான் கேக்கல. நான் கலரு பாட்டிலு குட்த்தேன்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். பாய் கண்ணைத் துடைத்தார். அவர் ஐயாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை.

சங்கத் தலைவர் மைக்கை வாங்கி அடுத்தவரைக் கூப்பிட்டார். கூட்டம் என்றால் நடக்கத்தானே வேண்டும்.

எல்லாம் முடிந்து காப்பி கொடுக்கும்போது அம்மாவிடம் போய் நின்றேன். மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். "வா மாமா போலாம், அதான் சொல்ட்டியே" என்றான். நான் நகரவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

"அவருக்குத் தெரியாதுப்பா" என்றார். "கடைசி வரைக்கும் தெரியாது. நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா நேரா உங்க ஷெட்டுக்கே வந்து ஏன்டான்னு கேட்டிருப்பார். நீங்களும் சொல்லியிருப்பீங்க. அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

மகள் வந்து கையைப் பிடித்து அவரைக் காருக்குக் கூட்டிப் போனாள். நான் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தேன். மச்சான் வண்டியை எடுக்கப் போனான். எட்டு வருஷம், பத்து நிமிஷ தூரம். அவர் முட்டி வலியோடு அந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். வண்டியில் எத்தனை தடவை அந்தத் தெரு முனையைத் தாண்டிப் போயிருப்பேன் என்று எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே என் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

"ஐயா, எழுந்துக்கிறீங்களா? வண்டி நிக்குது" என்றான் ஒருவன்.

எழுந்து நாற்காலியை நானே எடுத்துக் கொடுத்தேன்.